எழுத்தும் பேச்சும் ஒரு டிகிரியா? பாப்பா கேக்குது, எனக்குப் பதில் தெரியல

சென்னிமலைக்காரன் | ஞாயிறு, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கமுங்க. தறி, பெட்ஷீட்டு, நூல் விலைன்னு கேளுங்க, விடிய விடியச் சொல்றேன். படிப்பு விசயத்துல நான் சைபர். அதனாலதான் இங்க வந்து நிக்கறேன்.

பாப்பா ப்ளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்குது. மார்க்கு நல்ல மார்க்கு. சி.ஏ.வுக்குப் போகும்னு வீட்ல எல்லாரும் இருந்தோம். போன வாரம் சோறு உண்கறப்ப, "அப்பா, நான் ரைட்டிங் அண்ட் ரெட்டரிக் படிக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. அமெரிக்காவுல அதுக்குன்னே நாலு வருசப் பட்டம் இருக்குதாமா. அங்க முடியாட்டி இங்கயே அதுக்குப் பக்கமா ஏதாச்சும் படிக்கறேங்குது.

ரெட்டரிக்னா என்ன கண்ணுன்னேன். "நாலு பேரை ஒத்துக்க வைக்கற மாதிரி எழுதறது, பேசறது"ன்னுச்சு. எங்க அப்பாரு நாலாவது தாண்டல. பஞ்சாயத்துல அவரு துண்டை உதறித் தோள்ல போட்டாப் போதும், ஊரே வாயை மூடிக்கும். அதுக்கெல்லாம் ஒரு டிகிரியா? காசு போட்டுப் படிக்க வைக்கற படிப்பா இது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சமண்டி | ஞாயிறு, இரவு 9:31

பி.காம்.ல சேத்து, சி.ஏ.வும் படிக்க வைங்கண்ணா. சோலி முடிஞ்சுது.

பெரியார் எந்தக் காலேஜ்ல பேச்சு படிச்சாரு? பள்ளிக்கூடமே சில வருசந்தான். 1925ல ஈரோட்டுல உக்காந்துட்டுக் 'குடி அரசு' ஆரம்பிச்சாரு, நாடே திரும்பிப் பாத்துது. வர்றவனுக்கு வரும். வராதவனுக்குச் சர்ட்டிபிகேட்டுதான் வரும்.

கோபி வாத்தியார் | ஞாயிறு, இரவு 10:05

மஞ்சமண்டித் தம்பி, பெரியாரைப் போல் ஒருவர் நூறு வருசத்துக்கு ஒருத்தர். மீதிப் பேருக்குத்தானே பள்ளிக்கூடம்?

சென்னிமலை ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருசம் தமிழ் நடத்தினவன் நான். உங்கள் பெண் கேட்பது அந்நியப் படிப்பு அல்ல. நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தை, அதாவது முன்னுரையை, எடுத்துப் பாருங்கள். எழுத்திலக்கணம் தொடங்குவதற்கு முன்பாகவே, ஒரு நூல் எப்படி இருக்க வேண்டும், எப்படி இருக்கக் கூடாது என்று அதை எழுதிய பவணந்தியார் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் எல்லாம் குற்றக் கணக்கு. 'சென்று தேய்ந்து இறுதல்' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், ஆரம்பத்தில் ஆரவாரமாகக் கிளம்பிப் போகப் போகத் தேய்ந்து போவது. நம் ஊர்க் கல்யாண மண்டப வாழ்த்துரை அத்தனையும் அதில் அடக்கம்.

அதைவிட முக்கியம் எழுவகை மதம். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் சொன்னதை ஒப்புக்கொள்வது, மறுப்பது, முதலில் ஒப்புக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிறுத்துவது, இரண்டு பேர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிவது என்று ஏழு. வாதம் செய்யும் வழிகள்தானே இவை? இதை நாம் மனப்பாடப் பகுதியாக்கி இரண்டு மார்க் கேள்வியாக்கி விட்டோம். நானும்தான் அப்படி நடத்தினேன். ஒரு பையனிடமாவது 'நீ எழுதின கட்டுரையில் இந்தப் பத்துக் குற்றத்தில் எது இருக்கிறது, தேடு' என்று சொன்னேனா? இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த யோசனையே வந்தது.

ஊத்துக்குளி வெண்ணெய் | ஞாயிறு, இரவு 10:12

ஐயா, மாணாக்கருக்கு அன்னம், பசு, கிளி, நெய் வடிகட்டற நெய்யரின்னு உவமை சொல்ற அதே பாயிரம்தானுங்களே? நெய்யை விட்டுப்போட்டுக் கசண்டைப் புடிச்சு வெச்சுக்குமே, நான் அந்த ரகம். பேரைப் பாத்தாலே தெரியும்.

நொய்யல் மெர்ச் | ஞாயிறு, இரவு 11:40

அண்ணா, நான் திருப்பூர்ல மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைப் பாத்துக்கற ஆளு. பதினோரு வருசம். என் வேலை துணி இல்லீங்க, மெயில். காலைல எந்திரிச்சாச் சரக்கு வாங்கற பையருக்கு மெயில், சாயப்பட்டறைக்கு மெயில், ஏஜெண்டுக்கு மெயில். பி.எஸ்சி. படிச்சேன். எழுதறதுக்கு யாரும் சொல்லித் தரல. கத்துக்கிட்டது அத்தனையும் கம்பெனி காசுல, அடிபட்டு.

ஒரு தடவை கடல்நீலம் ஷேடு மாறிப்போச்சு. முதல்ல சாயம் போட்டுக் காட்டி ஓகே வாங்கின சாம்பிள் (லேப் டிப்) வேற, மொத்தமாச் சாயம் போட்ட துணி (பல்க்) வேற. கண்ணுல பாத்தாலே தெரியுது. நான் என்ன பண்ணேன், மூணு பத்தி எழுதினேன். மழை, கரண்டு, சாயப்பட்டறையில ஆள் இல்ல, நாங்க எவ்வளவு நேர்மையான கம்பெனி எல்லாம் போட்டு, கடைசி வரியில 'ஷேடு கொஞ்சம் மாறியிருக்கு'ன்னேன். பையரம்மா மேல ரெண்டு வரி படிச்சுட்டு நேராக் கடைசிக்குப் போயிருக்குது. 'மறைக்கப் பாக்கறீங்க'ன்னு பதில் வந்துது. சரக்கு மொத்தமும் ஹோல்டு.

எங்க பழைய மேனேஜர் அதைத் திருப்பி எழுதினாரு. அஞ்சே வரி. எத்தனை பீஸ், எந்த லாட்டு, எவ்வளவு மாறியிருக்கு. அந்த லாட்டைத் தனியாப் பிரிச்சாச்சு. மாத்துத் துணி எந்தத் தேதிக்கு ரெடி. மீதி லாட்டு ஓகேன்னா இன்னிக்கே பேக்கிங் போலாம். உங்க முடிவு புதன்கிழமைக்குள்ள வேணும். அவ்வளவுதான். மழையும் இல்ல, நேர்மையும் இல்ல. பாதிச் சரக்கு அந்த வாரமே கப்பல் ஏறுச்சு.

அந்த அஞ்சு வரியை எப்படி அடுக்கறதுன்னு சொல்லித்தர ஒரு படிப்பு இருக்குதுன்னா, இருவது வயசுலயே போயிருப்பேன்.

அமராவதி | திங்கள், காலை 6:50

கரூர்ப் பொண்ணு நான். இந்தப் படிப்பைத்தான் முதுகலையா வெளிநாட்டுல படிச்சேன். நொய்யல் அண்ணா சொன்ன ஷேடு கதையை வெச்சே சொல்றேன், உள்ள என்ன நடத்துவாங்கன்னு சென்னிமலை அண்ணாவுக்குப் புரியும்.

கி.மு. ரெண்டாம் நூற்றாண்டுல ஹெர்மகோரஸ்னு ஒரு கிரேக்க ஆசிரியர். எந்த வழக்கானாலும் சண்டை நாலு இடத்துல ஒண்ணுலதான் நிக்கும்னு வகுத்தார். நடந்துச்சா? நடந்ததுக்குப் பேரென்ன? எவ்வளவு பெரிய தப்பு? முடிவு சொல்ல யாருக்கு அதிகாரம்? இப்ப ஷேடுக்கு வாங்க. மாறுச்சா, இல்ல பாத்த லைட்டு வேறயா? மாறினது குறையா, ஏத்துக்கற அளவுக்குள்ள இருக்கற வித்தியாசமா? அது கடையில விக்கறதைத் தடுக்குமா? சொல்ல வேண்டியது லேபா, தரம் பாக்கற பையரோட கியூ.சி.யா? சண்டை எந்தப் படியில நிக்குதுன்னு தெரியாம எழுதற மெயில் எல்லாம் வீண். அண்ணா முதல்ல எழுதினது மூணாவது கேள்விக்குப் பதில், அதாவது எங்க தப்பு சின்னதுதான், எங்க சூழ்நிலை அப்படின்னு. அந்தம்மா இருந்தது முதல் கேள்வியில. மேனேஜர் முதல் கேள்விக்கு முழுசாத் தலையாட்டிட்டு நேரா நாலாவதுக்குத் தாவிட்டார்: முடிவு உங்க கையில, புதன்கிழமைக்குள்ள.

இலக்கியப் படிப்புக்கும் இதுக்கும் வித்தியாசம் இங்கதான். அங்க மத்தவங்க எழுதினதைப் படிப்போம். இங்க நாம எழுதினதுதான் பாடம். முதல் வரைவு, கூடப் படிக்கறவங்க குறிப்பு, ரெண்டாவது, மூணாவது. என்னோட நாலு பக்கக் கட்டுரையை ஒரு பேராசிரியர் ஒன்றரைப் பக்கமாக்கிட்டு வரச் சொன்னார். அழுதுட்டே வெட்டினேன். வெட்டினதுல ஒரு வரிகூட இப்ப ஞாபகம் இல்ல.

இனி காசு விசயம். அமெரிக்காவுல படிப்பு முடிச்சா 12 மாசம் வேலை பாக்கலாம், ஓ.பி.டி.ன்னு பேரு. ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம் படிச்ச பட்டத்துக்கு, மேல 24 மாசம் கிடைக்கும். இந்த மாதிரிக் கலைப் படிப்புக்குப் பொதுவா அந்த 24 கிடையாது. கடன் வாங்கி அனுப்பறதா இருந்தா இதைக் கணக்குல வெச்சுக்கங்க. இன்னொண்ணு, தேடறப்ப ஒரே துறையில தேட வேண்டாம். 1914ல பேச்சு ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்தை விட்டுப் பிரிஞ்சு தனிச் சங்கம் வெச்சுட்டாங்க. அதனால எழுத்து ஒரு துறையிலயும் பேச்சு இன்னொரு துறையிலயும் கிடக்கும். கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகம் மாதிரி ஒருசில இடத்துலதான் ரெட்டரிக்னே தனித் துறை.

மஞ்சமண்டி | திங்கள், காலை 10:22

எல்லாஞ் சரிங்க. இப்பத்தான் சாட்ஜிபிடி வந்துருச்சே. ஷேடு மாறிப்போச்சு, மெயில் எழுதுன்னா அஞ்சு வரி என்ன, அம்பது வரி குடுக்குது. மண்டியில எங்க கணக்குப்பையனே அதுலதான் லெட்டர் போடறான். இதுக்கு நாலு வருசமா?

நொய்யல் மெர்ச் | திங்கள், மதியம் 1:15

உங்களுக்குன்னே ஒரு கதை இருக்குதுங்க. எங்க ஆபீசுல புதுப்பையன் ஒருத்தன், பட்டன் உதிருதுன்னு வந்த புகாருக்கு அதுலதான் பதில் வாங்கினான். இங்கிலீஷு அருமை. பளிங்கு மாதிரி. அதுல ஒரு வரி: 'நேர்ந்த சிரமத்துக்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம்.' பையன் மரியாதைன்னு நெனச்சு அனுப்பிட்டான். பத்தாம் நாள், நஷ்டத்தை உங்க கணக்குல புடிச்சுக்கறோம்னு டெபிட் நோட்டு வந்துது. பட்டன் பையரே தேர்ந்தெடுத்துக் குடுத்த சப்ளையரோடது! நாங்க தைச்சது மட்டுந்தான். ஆனா எழுத்துல ஒத்துக்கிட்டாச்சு. மொதலாளி அன்னிக்குப் பேசினதை இங்க எழுத முடியாது.

இயந்திரத்து மேல குத்தம் சொல்லலீங்க. நானும் தினம் பயன்படுத்தறேன். எந்த வரியை எடுத்தெறியணும்னு தெரியற ஆள் வேணும்னு சொல்றேன்.

ஒண்டிப்புதூர் பம்ப் | திங்கள், இரவு 8:03

கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனிகளுக்கு மேனுவல் எழுதற வேலை எனக்கு. டெக்னிகல் ரைட்டர்னு கார்டுல போட்டிருக்கும், சொந்தக்காரங்க டைப்பிஸ்ட்டுன்னு நெனச்சுட்டு இருக்காங்க.

முன்னாடி ஒரு மேனுவல் பாத்தேன். '5. சுவிட்சைப் போடவும். 6. சுவிட்சைப் போடுவதற்கு முன் பம்பில் தண்ணீர் நிரப்பியிருப்பதை உறுதி செய்யவும்.' சிரிக்காதீங்க, அச்சுல வந்தது. தோட்டத்துல நின்னுட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சுப் படிச்சுச் செய்யற மனுசன் அஞ்சாவதை முடிச்சுட்டுத்தானே ஆறாவதைப் பாப்பாரு? அதுக்குள்ள வறட்டு ஓட்டம் ஓடி சீல் போயிரும். ரெண்டு வரியிலயும் தப்பு ஒண்ணும் இல்ல. இலக்கணம் சரி, விசயம் சரி. அடுக்கினதுதான் தப்பு.

கோபி வாத்தியார் | திங்கள், இரவு 8:20

'முறையின் வைப்பு'! பத்து அழகில் ஒன்று. தம்பி, அந்த மேனுவல் பக்கம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். எட்டு நூறு வருசத்துக்கு மேலான சூத்திரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

மஞ்சமண்டி | செவ்வாய், காலை 7:45

எல்லாரும் மெயிலு மேனுவலுன்னு நல்ல பக்கமாவே பேசறீங்க. நான் வேற பக்கம் சொல்றேன்.

எங்க சித்தப்பா ஈமு கோழி வளர்க்கற திட்டத்துல காசு போட்டாரு. நம்ம பக்கம் எத்தனை குடும்பம் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். அந்த நோட்டீசு இன்னும் அவரு பீரோவுல இருக்குது. நேத்து ராத்திரி உங்க பேச்சையெல்லாம் படிச்சுட்டுப் போய் எடுத்துப் பாத்தேன். அருமையா எழுதியிருக்கறானுங்க. 'விவசாயி நஷ்டப்பட்டது போதும்'னு முதல் வரி. மழை ஏமாத்துது, ஆள் கிடைக்கல, வெலை இல்ல. எங்க சித்தப்பன் மனசுல இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கறான். பொறவு எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு, சிரிச்சுட்டு. பொறவு கட்டம் போட்டு மாசா மாசம் எவ்வளவு வரும்னு கணக்கு. கோழியும் அவனே, கொட்டாயும் அவனே, தீவனமும் அவனே, காசும் அவனே குடுப்பானாமா.

2012ல எல்லாம் கவுந்துச்சு. சித்தப்பா தோட்டத்துல பாதி போச்சு. கோழிக்குத் தீவனம் போட வழியில்லாம அது கத்தறதைக் கேட்டுட்டு, மனுசன் ஒரு மாசம் திண்ணையில உக்காந்திருந்தாரு.

அதை எழுதினவனும் உங்க படிப்புல நூத்துக்கு நூறு வாங்கியிருப்பான். பாப்பாவுக்கு இதைத்தான் சொல்லித் தருவாங்களா?

அமராவதி | செவ்வாய், காலை 9:10

அண்ணா, உங்க கேள்விதான் இந்த இழையிலயே நல்ல கேள்வி.

இது பிளேட்டோ கேட்டது. 'கோர்கியாஸ்' உரையாடல்ல சாக்ரடீஸ் சொல்வார், இந்தப் பேச்சுக்கலை சமையல் மாதிரி, உடம்புக்கு நல்லதான்னு பாக்காம நாக்குக்கு ருசியாப் பரிமாறற முகஸ்துதின்னு. அரிஸ்டாட்டில் அதை அப்படியே விட்டுடல. ஒவ்வொரு விசயத்துலயும் நம்பவைக்க என்ன வழி இருக்குன்னு காணத் தெரியறதுதான் இந்தக் கலைன்னார். 'காண'ங்கறதுல அழுத்தம் குடுத்துதான் எங்களுக்குப் பாடம் நடத்தினாங்க. கேக்கறவர் மனசு, பேசறவர் மேல வர்ற நம்பிக்கை, சொல்ற நியாயம்னு மூணு வழி. உங்க நோட்டீசுல மூணும் வரிசையா இருக்கு பாருங்க. விவசாயி துக்கம், தெரிஞ்ச மூஞ்சி, கட்டம் போட்ட கணக்கு. நீங்களே பிரிச்சு வெச்சுட்டீங்க.

ஒண்ணு கேக்கறேன். அந்த நோட்டீசுல ஈமு கறியை யாரு வாங்குவாங்கன்னு எங்கயாச்சும் இருக்கா?

மஞ்சமண்டி | செவ்வாய், மதியம் 12:30

முன்னாடி பின்னாடி ரெண்டு தடவை பாத்தேன். இல்ல.

முட்டை, எண்ணெய், தோல், இறகு எல்லாத்துக்கும் மவுசுன்னு இருக்குது. எவன் வாங்கறான், எந்த ஊர்ல, என்ன வெலைக்குன்னு ஒரு வரி இல்ல. மஞ்சள்ல முப்பது வருசம் யாவாரம் பண்ற குடும்பம் நாங்க. மூட்டையைக் குத்திப் பாக்காம வாங்க மாட்டோம். ஆனா அதைக் கேக்கல பாருங்க.

நாலு வருசம் வேணுமாங்கறதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல. ஆனா பாப்பா அந்த நோட்டீசைப் பாக்கணும்னா போட்டோ எடுத்து அனுப்பறேன்.

அமராவதி | செவ்வாய், மதியம் 1:05

அனுப்புங்கண்ணா, எனக்கும்.

நானும் ஒண்ணை ஒளிக்காமச் சொல்லிடறேன், இல்லாட்டி நானே நோட்டீசு போட்ட மாதிரி ஆயிரும். இந்தப் படிப்புக்கு வேலைப் பேரு கிடையாது. இன்ஜினியர்னா இன்ஜினியர், ஆடிட்டர்னா ஆடிட்டர். எனக்கு முதல் வேலை கிடைக்க எட்டு மாசம் ஆச்சு. நோம்பிக்கு ஊருக்கு வந்தா ஒறம்பரை எல்லாம் "என்ன வேலை அம்மிணி"ன்னு கேப்பாங்க, நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள காப்பி ஆறிரும். இப்ப மருத்துவமனைக் கருவி கம்பெனிக்கு எழுதறேன், சம்பளம் பரவாயில்ல. ஆனா வெறும் எழுத்து மட்டும் கையில இருந்தாக் கஷ்டம். கூடவே ஒரு சரக்கு தெரிஞ்சிருக்கணும். துணி, பம்ப், கணக்கு, சட்டம், ஏதோ ஒண்ணு. உங்க பாப்பாவுக்குக் காமர்ஸ் இருக்கு, தறியும் இருக்கு. என்னைவிட அது ரெண்டு படி மேலதான்.

இங்கயே படிக்கறதுன்னா பாரதியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்கற கல்லூரிகள்ல பி.ஏ. ஆங்கிலம், விஷுவல் கம்யூனிகேஷன் மாதிரிப் பாருங்க. பேரைப் பாத்துச் சேக்காதீங்க. வருசத்துக்கு எத்தனை கட்டுரை எழுத வைப்பாங்க, அதைத் திருத்திக் கையில குடுப்பாங்களான்னு அங்க படிக்கற பிள்ளைங்க கிட்டயே கேளுங்க. இக்னோங்கற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல ஆங்கிலப் படைப்பெழுத்துக்கு ஒரு டிப்ளமோவும் இருக்கு.

ஊத்துக்குளி வெண்ணெய் | செவ்வாய், இரவு 9:48

வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். பவணந்தியாரு நம்ம பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரருதானுங்களே?

கோபி வாத்தியார் | செவ்வாய், இரவு 10:15

பாயிரம் 'சனகை' என்கிறது. அது சீனாபுரம் என்பது நம் பக்கத்துக் கருத்து. விஜயமங்கலத்துச் சமணக் கோயில் அருகில் இருப்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். மைசூர்ப் பக்கம் என்பாரும் உண்டு.

நொய்யல் மெர்ச் | செவ்வாய், இரவு 10:18

மைசூரா? அதெப்படிங்க? விஜயமங்கலத்துல போய் நின்னு பாத்தாலே தெரியும்.

ஒண்டிப்புதூர் பம்ப் | செவ்வாய், இரவு 10:24

நின்னு பாத்தா என்னங்க தெரியும்? கோயில் தெரியும். நூல் எழுதினவரு வீடு தெரியுமா?

நடத்துநர் | புதன், காலை 6:30

'மற்றொன்று விரித்தல்' நடக்கிறது. சீனாபுரம் பேச்சுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். பதினாலு பதிவுகளை அங்கே மாற்றியாயிற்று. இங்கே படிப்பு மட்டும்.

சென்னிமலைக்காரன் | சனி, இரவு 8:55

எல்லாருக்கும் கும்பிடுங்க. ஒண்ணு விடாமப் பாப்பாவும் நானும் ஒட்டுக்கா உக்காந்து படிச்சோம். அமராவதி அம்மிணி சொன்ன 12 மாசக் கணக்கைப் பாத்துட்டு அமெரிக்காவை அதுவே வேண்டாங்குது, மேல் படிப்புக்குப் பாத்துக்கலாமாமா. கோயமுத்தூர்ல ரெண்டு காலேஜ்ல பி.ஏ. இங்கிலீசு, ஒண்ணுல பி.காம்., மூணுக்கும் அப்ளிகேசன் போட்டாச்சு. எது கிடைக்குதோ பாக்கலாம்.

இதுக்கு நடுவுல ஒரு கூத்து. புதுப் போர்வைக்கு லேபிள் அடிக்கணும், நீ எழுது கண்ணுன்னு குடுத்தேன். எப்பவும் 'சாயம் போகாது'ன்னுதான் போடுவோம். எங்க அப்பாரு காலத்துல இருந்து அதேதான். பாப்பா ஒரு போர்வையை எடுத்து வாளியில முக்கி என் முன்னாடி வெச்சுது. தண்ணி செவந்து போச்சு. கரும்செவப்பு முதல் தண்ணியில கொஞ்சம் விடத்தான் செய்யும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அதை அடிச்சுப்போட்டு 'முதல் இரண்டு முறை தனியாகத் துவைக்கவும். பிறகு சாயம் நிற்கும்'னு எழுதிக் குடுத்துது.

இப்படிப் போட்டா வாங்கறவன் யோசிப்பான்னு நான். போடாட்டி வெள்ளை வேட்டியோட சேத்துப் போட்டுட்டு திட்டுவான், மறுக்கா வர மாட்டான்னு அது. மூணு நாளாப் பேச்சு நடக்குது. பிரிண்டிங்காரன் போன் மேல போன். இன்னிக்குச் சாயங்காலம் ஆயிரம் லேபிளு அதும்படி அடிக்கச் சொல்லியிருக்கறேன், மீதி ஆயிரம் பழையபடி. எது எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்.

அப்பறம் காந்திபுரம், பீளமேடு பக்கம் நல்ல லேடீஸ் ஹாஸ்டல் தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லுங்க. சாப்பாடு சுமாரா இருந்தாலும் போச்சாது, ராத்திரி கேட்டு பூட்டணும்.

மஞ்சமண்டி | சனி, இரவு 9:20

ஹாஸ்டல் எங்க அக்கா மக இருந்தது ஒண்ணு இருக்குது, நம்பர் தனியா அனுப்பறேன். அந்தப் புது லேபிளு போட்டதுல எனக்கு ரெண்டு போர்வை எடுத்து வைங்க.